குழாய்க்குக் கூதல் அடிக்கும்

மட்டக்களப்பு வாவி உண்டான நாள்தொட்டு இந்த நிமிடம் வரை, அந்த ஊரில் தண்ணீர் உறைந்து கட்டியாகும் என்று நம்பிய மனிதர் ஒரேயொருவர்தான். அவர் தான் நம்பியதோடு விட்டிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்? எங்களையும் நம்பச் சொன்னார். நம்பாதவன் குளிக்க முடியாது என்ற நிலைமையையும் உண்டாக்கி வைத்தார். அப்பேர்ப்பட்டவரோடு ஒரே வளவுக்குள் இரண்டு மாரிகாலம் குடியிருந்தவன் நான். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் "சரி, நடக்கிறது நடக்கட்டும்" என்று நான் சாய்ந்துவிடுவதைப் பார்த்து, வயது போய்விட்டது என்கிறார்கள் வீட்டில். வயதும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லாம் பனி ஓவசியரால் வந்த அலுப்பு.

அவருக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். யாரும் கேட்டதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர் வேலை கிடைத்து மட்டக்களப்புப் புளியந்தீவுக்கு வந்து சேர்ந்தபோதே அவர் பனி ஓவசியராகத்தான் இருந்தார்.

நாங்கள் நாலைந்து கிளாக்கர்மார் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீடு காத்தான்குடி முதலாளி ஒருவருடையது. இடுப்பில் உடுத்தும் சாரம் வியாபாரம் அவருக்கு. முன்னறையில் சாரக் கட்டுகளை அடுக்கிவைத்துப் பூட்டிவிட்டு, மிச்ச வீட்டை எங்களுக்கு விட்டிருந்தார். கொழும்பில் எங்கேயோ குழாயைத் திருகக் கண்டவர், திரும்பி வந்ததும் தன் வீட்டிலும் அதை வைத்துவிட்டார். கிணற்றடியில் கையால் இறைக்கும் பம்பு, கூரைக்கு மேலே தண்ணீர் நிறைக்கும் இரும்புத் தாங்கி, அங்கிருந்து சுவரோரமாகக் குளியலறைக்கும் குசினிக்கும் ஓடும் குழாய். ஊரில் அப்போது அது பெரிய அதிசயம். அயல் சனங்கள் சும்மா வந்து திருகிப் பார்த்துவிட்டுப் போவார்கள். இந்த அதிசயத்தைக் காவல் காக்க முதலாளி பிடித்துவந்த ஆள்தான் நம்முடைய ஓவசியர்.

பிறந்தது ஆரையம்பதி. இளந்தாரி வயதிலேயே கூதல் நடுக்கும் மலையூரான நுவரெலியாவுக்குப் போய், ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொண்டு தலை நரைத்தவர். ஊருக்குத் திரும்பி வந்தபோது அவருக்கென்று அங்கே ஒரு சனமும் மிஞ்சியிருக்கவில்லை. முதலாளி கிணற்றடி அறையைக் கொடுத்து, எங்கள் சமையலில் சாப்பாட்டுக்கும் வழி செய்திருந்தார். அந்த அறையை விட்டால் அவருக்குப் போக இடமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் ஆட்டம் கண்டது அந்த அறைதான்.

கார்த்திகை மழை ஒருவாறு விட்டு மார்கழி பிறந்த அன்று காலை, அவர் கம்பளிக் கோட்டும் காதை மூடும் தொப்பியுமாக வெளியே வந்தார். கீழே சாரம், வெறுங்கால். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையில் சாக்கு, மறு கையில் தும்புக் கயிறு, முதுகில் ஒரு கட்டு வைக்கோல்.

"தம்பி, தண்ணிக்குக் கூதல் பிடிச்சா என்ன செய்யும் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாது ஓவசியர்."

"வீங்கும். மனிசனுக்கு அடிபட்டா வீங்குதல்லோ, அதுபோலத்தான். வீங்கினா மறுகா இரும்பெண்டும் பாக்காது, ஈயமெண்டும் பாக்காது. குழாயைப் பிளந்துபோடும்."

"அது நுவரெலியாவில. இஞ்ச எங்க அப்பிடிக் கூதல்?"

"ஏன், இஞ்ச மார்கழி வராதா?"

மார்கழி வந்துதான் இருந்தது. அவர் விடவில்லை.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் எண்டு பெரியாக்கள் சும்மாவா சொன்னவங்க? மச்சைத் துளைக்கிற பனி, இந்த விரல் மொத்தக் குழாயைப் பாத்துப் பயந்து போயிடுமா?"

அன்று பகல் முழுக்கக் கட்டினார். நேராக ஓடும் குழாயில் ஒரு சுற்று, வளைவுகளில் மூன்று சுற்று. "உறையிறது முதல்ல வளைவிலதான் தம்பி. நேர் குழாய் தாக்குப்பிடிக்கும், முழங்கை தாங்காது" என்பார். பொழுது சாயும்போது வீட்டுச் சுவர் முழுக்க வைக்கோல் பாம்பு ஒன்று நெளிந்தது.

கட்டியதோடு முடியவில்லை. ஓடுகிற தண்ணீர் உறையாது என்பது அவருடைய அடுத்த வேதம். இரவு முழுக்கக் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து வைத்தார். அதன் கீழே ஒரு தகர வாளி. டொக்... டொக்... எங்களில் ஒருவனுக்கும் கண் மூடாது. யாராவது எழுந்துபோய் இறுக்கி மூடிவிட்டு வந்தால், பின்னாலேயே வந்து திறந்துவிடுவார். தாங்கியின் அடியில் குழாய்க்குச் சூடு காட்டவென்று எங்கள் அரிக்கன் லாம்பைக் கொண்டுபோய்விட்டதால், இருட்டில் யார் யாருடன் சண்டை பிடிக்கிறோம் என்பதும் தெரியாது.

கூதல் கடுமை என்று அவர் தீர்மானிக்கும் நாட்களில் தாங்கியையே வடித்து வெறுமையாக்கிவிடுவார். அதைத் தீர்மானிக்க ஒரு பரீட்சை வைத்திருந்தார். மதிலில் ஒரு பீங்கானில் தண்ணீர் வைத்துவிட்டு, விடிந்ததும் விரலை விட்டுப் பார்ப்பார். ஒரு நாள் பீங்கான் காய்ந்து கிடந்தது.

"காகம் குடிச்சிருக்கும்" என்றான் செல்லத்துரை. என் அறைத் தோழன்; அவனும் கிளாக்கர்தான்.

ஓவசியர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "குடிச்சா அடியில ஒரு சொட்டாவது கிடக்கும். இது ஒண்டுமில்ல. கட்டியாக் கிடந்ததைக் காகம் அப்பிடியே தூக்கிக்கொண்டு போயிட்டு."

அன்று மாலை தாங்கி வடிக்கப்பட்டது.

செல்லத்துரை பாவம். மார்கழி விடியற்காலைப் பூசைக்குத் தவறாமல் போகிறவன், குளிக்காமல் கோயில் வாசலை மிதிக்கமாட்டான். நட்சத்திரம் மங்குமுன் துவாயோடு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திருகுவான். காற்றுத்தான் வரும். ஊரிலேயே குழாய் வைத்த வீட்டில் இருந்துகொண்டு, பக்கத்து வளவுக் கிணற்றில் கடன் கேட்டுக் குளித்தவர்கள் நாங்கள்தான். கந்தோரில் பெரிய கிளாக்கர் "ஏன் பிந்தினீர்?" என்று கேட்டால், "வீட்டுக் குழாயில் தண்ணீர் உறையாமல் பார்த்துக்கொண்டோம் சேர்" என்றா சொல்ல முடியும்? தலையைக் குனிந்து நிற்போம். அப்போது தொடங்கிய அலுப்புத்தான் எனக்கு.

மாடுகள் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. மாரியில் வயல்வட்டை முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது ஊரில் காய்ந்த வைக்கோலைக் கண்ணால் காண்பது அருமை. எங்கள் வீட்டுச் சுவரில் அது வரிசையாகக் கட்டித் தொங்குகிறது என்ற செய்தி புளியந்தீவு மாடுகளுக்குள் எப்படியோ பரவிவிட்டது. அதில் ஒரு கறுப்புப் பசு வலு கெட்டிக்காரி. நேர் குழாயைத் தொடமாட்டாள். வைக்கோல் மொத்தமாக இருக்கும் வளைவுகளைத்தான் பார்த்து உருவுவாள். ஓவசியர் குடையோடு காவல் நின்றார். அவர் கிழக்குச் சுவரில் நின்றால் அவள் மேற்குச் சுவரில் நிற்பாள். அந்த மாரியில் அவளுக்குப் பால் கூடிவிட்டதாகச் சொந்தக்காரி எங்களுக்கு நன்றி சொல்லி ஒரு முட்டித் தயிர் அனுப்பினாள். ஓவசியர் அதைத் தொடவேயில்லை. "அது என்ட குழாய்ட தயிர்" என்றார்.

அந்த வருடம் ஒரு குழாயும் உறையவில்லை. "பாத்தீங்களா?" என்று மாசி முடிவில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கேட்டார். நாங்கள் பார்த்தோம்.

பங்குனி வெயிலில், தார் உருகும் மத்தியானத்தில், குழாய் வெடித்தது. காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மழையில் ஊறிய வைக்கோல் காயாமல் கிடந்து இரும்பைத் துருவாக்கித் தின்றிருந்தது. தண்ணீர் முன்னறைக்குள் புகுந்து சாரக் கட்டுகளை நனைத்துவிட்டது. முதலாளி வந்து கதவைத் திறந்தபோது சிவப்புச் சாயம் பச்சைச் சாரத்திலும், பச்சைச் சாயம் வெள்ளைச் சாரத்திலும் இறங்கியிருந்தது. ஓவசியர் வெடித்த துண்டைக் கையில் ஏந்திக்கொண்டு போய்ச் சொன்னார்:

"மார்கழியில பிடிச்ச கூதல் முதலாளி. இப்பதான் வெளிய வந்திருக்கு."

முதலாளி நல்ல மனிதர். சத்தம் போட்டு நாங்கள் கேட்டதில்லை. அன்றும் போடவில்லை. நனைந்த சாரம் ஒன்றைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "ஓவசியர், இஞ்ச பாருங்க. இனி இந்தக் குழாயில ஒரு துண்டு வைக்கலை நான் காணப்படா. கண்டா உங்கட பெட்டியைத் தூக்கிக்கிட்டு நீங்க போகத்தான் வேணும். அல்லாஹ்வுக்காக என்னைக் கோவிக்காதீங்க."

அவர் போனபின் ஓவசியர் கிணற்றுக் கட்டில் வெகுநேரம் குந்தியிருந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"நுவரெலியாவில ஒருநாள், ஒரே ஒருநாள், கூட்டாளிட கலியாணத்துக்குப் போயிட்டன் தம்பி. அண்டைக்குக் குழாய் கட்டல்ல. விடியக்குள்ள வெடிச்சிட்டு. தண்ணி போய்த் துரைச்சாணிட பியானோவுக்குள்ள இறங்கிட்டு. மறுகா அது என்ன தட்டினாலும் தவளை மாதிரித்தான் கத்தினது. அண்டைக்கே என்னைப் போகச் சொல்லிட்டாங்க."

வெடித்த குழாய்த் துண்டை மடியில் புரட்டிக்கொண்டு, "அங்க கட்டாததுக்குப் போகச் சொன்னாங்க. இஞ்ச கட்டினதுக்குப் போகச் சொல்றாங்க. நான் எங்கதான் போற?" என்றார்.

சிரிக்கவேண்டிய கேள்விதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மார்கழியும் வந்தது. ஓவசியர் கட்டவில்லை. கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, குழாய்க்குப் பக்கத்தில் நின்று, நாடி பிடிக்கிறவரைப்போல அதன் வளைவில் இரண்டு விரலை வைத்துக்கொண்டே இருப்பார். சோறு இறங்கவில்லை. இரவில் எழுந்து எழுந்து போய்த் தொட்டுவிட்டு வருவார். நாங்கள் ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. தாங்கி நிறையத் தண்ணீர், சொட்டாத குழாய், விடியவிடியத் தூக்கம். ஆனால் ஒரு கிழமை போனதும் செல்லத்துரையே வந்து சொன்னான்:

"மச்சான், இந்த மனிசன்ட முகத்தைப் பாத்துக்கொண்டு குளிக்க ஏலாதுடா. கட்டட்டும். பொழுதுபட்டாக் கட்டி, விடியக்குள்ள அவிழ்த்திட்டாச் சரி. முதலாளி பகலிலதானே வாற."

அப்படியாக, விருப்பம் ஒரு துளியும் இல்லாமல், நாங்களும் அந்தக் களவில் கூட்டாகிவிட்டோம். காலையில் வைக்கோலை ஓவசியரின் பாய்க்கடியில் ஒளிப்பது ஒருவன் வேலை. சுவரில் ஒட்டியிருக்கும் சக்கையைக் கூட்டுவது இன்னொருவன் வேலை. அலுப்புக்கு மேல் அலுப்பு. முதலாளியின் வண்டிச் சத்தம் தெருவில் கேட்டால் விளக்குமாறும் கையுமாகச் சுவரடிக்கு ஓடுவோம்.

நான் காய்ச்சலில் விழுந்தது அந்த மாதத்தில்தான். கந்தோரில் இருக்கும்போதே உடம்பு வெடவெடக்கத் தொடங்கி, பேனையைப் பிடிக்க முடியாமல் போனது. கார்த்திகை மழைக்குப் பின் ஊரில் வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த குளிர்காய்ச்சல். யாரோ வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். கொயினா மருந்தை வாய்க்குள் ஊற்றினார்கள். கட்டில் தடதடவென்று ஆடியது. மட்டக்களப்பில் கம்பளி யாரிடம் இருக்கிறது? இருந்த போர்வைகளையெல்லாம் போட்டார்கள். போதவில்லை. வேட்டிகளைப் போட்டார்கள். அதுவும் போதவில்லை.

ஓவசியர் வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். அந்த ஊரில் அத்தனை வருடம் அவர் எதிர்பார்த்துக் காத்திருந்த கூதல் கடைசியில் வந்தேவிட்டது. ஆனால் குழாயில் அல்ல.

வெளியே போனார். அப்போதுதான் மாலைக் கட்டுக் கட்டி முடித்திருந்தார். மேலிருந்து கீழ்வரை அவ்வளவையும் அவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்தார். கோட்டையும் தொப்பியையும் முதலில் எனக்கு மாட்டினார். பிறகு வைக்கோலைப் பரப்பி, சாக்கைச் சுற்றி, தும்புக் கயிற்றால் வரியத் தொடங்கினார்.

"முதல்ல முழங்கை" என்றார். "மறுகா முழங்கால். வளைவிலதான் பிடிக்கும்."

செல்லத்துரை கொதிக்கக் கொதிக்கக் கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவந்தான். ஓவசியர் பதறிப்போய்த் தடுத்தார்.

"ஆளைக் கொல்லப்போறீங்களா? உறைஞ்சதுக்குத் திடீரெண்டு சூடு காட்டினா வெடிச்சிடும். ஆறவைங்க. சொட்டுச் சொட்டா உள்ள போய்க்கொண்டே இருக்கவேணும். தம்பி, நீங்க வாயைத் திறந்து வைங்க, ஆவி வெளிய போகட்டும்."

நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தேன். மறுத்துப் பேச உடம்பில் பலம் இல்லை. கரண்டியால் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டே இருந்தார். பிறகு காய்ச்சல் ஏறிக் கொதித்து, கடைசியில் உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியபோது, அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீடே அதிரக் கத்தினார்:

"தண்ணி வந்திட்டு! லைன் திறந்திட்டு!"

அரைமயக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கூதல் மறுபடியும் வரும் என்று அவர் கட்டை அவிழ்க்கவிடவில்லை. விடியும்வரை என் தலைமாட்டில் இருந்தார். இடையிடையே வெளியே திரும்பிப் பார்ப்பார். மொட்டையாக நின்றது குழாய். இருப்புக்கொள்ளாமல் அரைவாசி எழும்புவார், பிறகு இருந்துவிடுவார்.

விடிந்து கொஞ்சநேரத்தில் முதலாளி வந்துவிட்டார். அன்றைக்கென்று வண்டிச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. நேரே சுவரோரம் போய்க் குழாயைப் பார்த்தார். ஒரு துரும்பும் இல்லை.

"நல்லம் ஓவசியர். சொன்ன சொல்லைக் கேட்டிருக்கீங்க."

செல்லத்துரை பெருமூச்சு விட்டான். அதோடு எல்லாம் முடிந்திருக்கவேண்டும். ஆனால் பொய் சொல்லவும் ஒரு கெட்டித்தனம் வேண்டுமே. அது ஓவசியரிடம் கிடையாது.

"இல்ல முதலாளி. நேத்துப் பொழுதுபட்டுக் கட்டித்தான் இருந்தது."

அந்த நேரத்தில் அவர் கழுத்தைத் திருகலாமா என்று நினைத்ததாகச் செல்லத்துரை பிறகு எனக்குச் சொன்னான்.

"அப்ப அதெல்லாம் எங்க இப்ப?"

"தம்பியில."

முதலாளி என் அறைக்குள் வந்தார். காதை மூடிய தொப்பி, கழுத்துவரை வைக்கோல், அதன்மேல் சாக்கு, அதன்மேல் வரிவரியாகக் கயிறு. எழுந்து மரியாதை செய்யப் பார்த்தேன், மடிய முடியவில்லை. போதாததற்குக் கறுப்புப் பசு யன்னலுக்குள்ளால் தலையை நீட்டி என் காலடி வைக்கோலை நிதானமாக உருவிக்கொண்டிருந்தது.

முதலாளி பசுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிட்ட வந்து நெற்றியில் கை வைத்தார்.

"ராவு முழுக்கக் குழாய் சும்மாவா கிடந்தது?" என்று ஓவசியரைக் கேட்டார்.

"ஓம் முதலாளி."

"உங்கட கணக்குப்படி அது வெடிச்சிருந்தா? இரண்டு ஊரிலயும் உங்களுக்கு இடமில்லாமப் போயிருக்குமே."

ஓவசியர் தலையைச் சொறிந்தார். "வெடிச்சாக் குழாய் வேற வாங்கலாம் முதலாளி" என்றார்.

அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார். நான் சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றேன். கட்டு விடவில்லை. கண்ணில் வந்ததைத் துடைக்கக் கையும் வெளியில் இல்லை.

முதலாளி தோளில் கிடந்த சால்வையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனார்.

"குழாயில வைக்கல் கட்டினாத்தான் போகவேணும் எண்டு சொன்னன். மனிசனில கட்டினா என்ன செய்யிற எண்டு நான் ஒண்டும் சொல்லல்ல. நீங்க இரிங்க ஓவசியர்." படியிறங்கிய பின் திரும்பாமலே சொன்னார்: "செல்லத்துரைத் தம்பி, மாசி முடியுமட்டும் நான் இந்தப் பக்கம் வாறல்ல. சாரக் கட்டையெல்லாம் கொஞ்சம் உயரத்தில தூக்கி வைங்க."

சில நாட்களில் காய்ச்சல் என்னை விட்டது. கால்கள் இன்னும் என் சொல் கேட்கவில்லை. ஒரு மாலை ஓவசியர் கட்டிலருகே வந்து தயங்கி நின்றார்.

"தம்பிக்குக் கூதல் முழுசா விட்டிட்டா?"

"விட்டிட்டு ஓவசியர்."

"அப்ப... அந்தச் சாக்கைத் தாறீங்களா?"

கொடுத்தேன். கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். படுக்கச் சொன்னார், கேட்கவில்லை. வைக்கோலைக் குழாயோடு சேர்த்து நான் பிடிக்க, அவர் கயிற்றைச் சுற்றினார். காற்று அசையாத மாலை. வெயில் இறங்கியும் சுவர் சுட்டது. இரண்டு பேருக்கும் வியர்வை வழிந்தது.

"இண்டைக்கு எப்பிடி தம்பி, கூதல் கடுமைதானே?" என்று கேட்டார்.

"ஓம் ஓவசியர்" என்றேன். "தாங்க ஏலாத கூதல்."

அந்த முகத்தில் வந்த சந்தோசத்தைப் பார்த்தபோது, ஆயுள் முழுக்க இதே பொய்யைச் சொல்லிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றுவிடலாம் போல இருந்தது எனக்கு.